தொண்ணூற்றொன்பது மைல்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் 1966-ஆம் ஆண்டு நான் உத்தியோகத்தில் சேர்ந்தபோது, எங்கள் ஆப்பரேஷன்ஸ் அறையின் சுவரில் தென்னிந்தியாவையும் இலங்கையின் வட பாதியையும் காட்டும் தேசப்படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் திருச்சியிலிருந்து தென்கிழக்காகப் புறப்பட்டு, பாக்கு ஜலசந்தியைக் குறுக்கே கடந்து, யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையோரம் உள்ள பலாலியில் போய் முடியும்படி, எனக்கு முன்னே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேலே 99 என்றும் கீழே 126 என்றும் எழுதி வைத்திருந்தார். மேலே இருந்தது தூரம், கடல் மைலில். கீழே இருந்தது திசை, வடக்கிலிருந்து வலமாக எண்ணிய பாகையில். இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு விமானம் எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேரும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை. வகுத்தல் தெரிந்த நாலாம் வகுப்புப் பையன் செய்துவிடக்கூடிய காரியம் இது என்று முதல் வாரம் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வருஷம் அதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த அபிப்பிராயத்தில் எஞ்சியிருப்பது கொஞ்சமே.

அக்காலத்தில் இந்த ஜலசந்தியைத் தாண்டுவது விசேஷமான காரியமாக யாருக்கும் தோன்றியதில்லை. ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10-ஆம் தேதி தன் முதல் விமானத்தை அனுப்பியபோதே, அது கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பிக் காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள பலாலியில் இறங்கி, அப்புறம் சென்னைக்குத்தான் போயிற்று. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்துவிட்டுப் போன அந்தக் களம் யாழ்ப்பாணத்தாருக்கு இந்தியாவின் வாசற்படி போல் ஆகிவிட்டது. அதற்கு முன்னெல்லாம் திருச்சிக்கு வர விரும்பியவர் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் தனுஷ்கோடிக்கு வந்து, மறுபடியும் ரயிலேறி, ஓர் இரவையும் ஒரு பகலின் பெரும்பகுதியையும் செலவிட்டாக வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோன பிறகு அந்த வழியின் பழைய செல்வாக்கும் போயிற்று. ஆகவே பட்டு வேஷ்டி வாங்குவதற்கும், ஸ்ரீரங்கத்தில் சேவிப்பதற்கும், சிலர் புதுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குங்கூட விமானத்தில் வந்தார்கள் என்று சொன்னால் இன்றைய இளைஞர்கள் நம்புவார்களோ என்னவோ.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் யுத்த காலத்தில் விமானப்படையில் வழிகாட்டும் உத்தியோகம், அதாவது நாவிகேட்டர் வேலை, பார்த்தவர். வெற்றிலைப் பெட்டியையும் வட்டமான அலுமினியக் கணக்குத் தகட்டையும் ஒரே மேஜை இழுப்பறையில் வைத்திருப்பார். அந்தத் தகட்டில் ஒரு வளையத்தை மற்றொரு வளையத்தின் மேல் திருப்பினால் வேகமும் தூரமும் நேரமும் ஒன்றுக்கொன்று எதிரே வந்து நிற்கும்; பின்புறத்தில் காற்றின் திசையையும் வேகத்தையும் பென்சிலால் குறித்தால், விமானத்தின் மூக்கை எத்தனை பாகை திருப்பிவைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். எனக்கு அது பஞ்சாங்கக்காரரின் சோழிகளைப் போல வசீகரமாக இருந்தது. அந்த வசீகரத்தில்தான் இடறி விழுந்தேன்.

அது ஐப்பசி மாதம். மாலையில் இடி இடிக்கும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. காற்று என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. அந்த வழியில் அப்போது பறந்த டகோட்டா விமானத்தின் பயண வேகம் 160 என்று அதன் கையேட்டில் இருந்தது. சுவரில் 99 இருந்தது. தகட்டைத் திருப்பினேன், முப்பத்தேழு நிமிஷம் வந்தது. கரையைக் கடக்க பதினேழு நிமிஷம், பலாலிக்கு முப்பத்தேழு என்று திட்டத்தில் எழுதினேன். விமானி அவசரத்தில் கையெழுத்திட்டார், விமானம் புறப்பட்டது, புறப்பட்ட நேரத்தையும் எதிர்பார்க்கும் நேரத்தையும் தந்தியில் பலாலிக்கு அனுப்பிவிட்டு, முறையாகச் செய்து முடித்த ஒரு காரியத்தின் திருப்தியோடு காபி வாங்கிவரச் சொன்னேன். முப்பத்தேழாம் நிமிஷம் வந்தது. இறங்கியதாகச் செய்தி வரவில்லை. முப்பத்தொன்பது. நாற்பது. ஹெச்.எஃப். ரேடியோவிலோ இடி மின்னலின் கரகரப்பைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பலாலியிலிருந்து, விமானம் எங்கே என்று கேட்டுச் செய்தி வந்தது. கடலின் மேல் ஒரு விமானம் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்பது எங்கள் தொழிலில் எத்தகைய வாக்கியம் என்பதை அதுவரையில் நான் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தேன். நாற்பத்துமூன்றாம் நிமிஷம் அது சௌக்கியமாக இறங்கியது. கரையைத் தாண்டும்போதே விமானி வித்தியாசத்தைக் கண்டுபிடித்துப் புதிய நேரத்தைச் சொல்லியிருக்கிறார். இடிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

மேலதிகாரி என் தாளை வாங்கிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

“டகோட்டா அமெரிக்காக்காரன் பண்ணின வண்டி. அதில் முள் காட்டுகிறது ரோட்டு மைல். சுவரில் இருக்கிறது கப்பல்காரன் மைல். இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டாயே அப்பா” என்றார்.

நிலத்து மைல் 5,280 அடி. கடல் மைல் ஏறக்குறைய 6,080 அடி, மெட்ரிக் அளவில் 1,852 மீட்டர். பூமியைச் சுற்றிய வட்டத்தை 360 பாகையாகவும், ஒவ்வொரு பாகையையும் 60 கலையாகவும் பிரித்தால், ஒரு கலைக்கு நேரான நீளமே கடல் மைல். ஆகையால்தான் தேசப்படத்தின் ஓரத்திலுள்ள அட்சரேகை அளவையே கோலாக வைத்துத் தூரத்தை அளந்துவிட முடிகிறது. மணிக்கு 160 நிலத்து மைல் என்பது 139 கடல் மைல்தான். அப்போது நம் தேசம் மைல் கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர்க் கற்களை நட்டுக்கொண்டிருந்த காலம் வேறு. ஆக அந்த அறையில் பலாலி 99 ஆகவும், 114 ஆகவும், 184 ஆகவும், மூன்று தூரங்களில் இருந்தது. மூன்றும் சரியானவையே. அன்று முதல், எண்ணுக்குப் பக்கத்தில் அதன் அளவு எழுதப்படாத எந்தத் தாளிலும் நான் கையெழுத்திட்டதில்லை. மளிகைக் கடைச் சீட்டாக இருந்தாலும் சரி.

அளவு சரியான பின்பு காற்று வந்து சேரும். திருச்சி–பலாலிக் கோட்டுக்கு ஒரு விசித்திரமான சுபாவம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் அடிக்கும் வடகிழக்குக் காற்று இந்தக் கோட்டை ஏறக்குறைய நேர் குறுக்காக, இடது விலாவில் வந்து தாக்குகிறது. ஆகவே அது போகும்போது உதவுவதுமில்லை, வரும்போது பெரிதாகத் தடுப்பதுமில்லை. விமானத்தின் மூக்கை மட்டும் காற்று வரும் பக்கமாக எட்டுப் பாகை திருப்பி வைத்துக்கொண்டு, நண்டு நடப்பதைப் போலச் சாய்வாகப் போகவேண்டும். ஆடிக் காற்றின் சங்கதி வேறு. அது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதால் போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முகத்தில் அறையும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம் நான் தவறாமல் ஒரு கேள்வி கேட்பதுண்டு. போகும்போது காற்று 20 மைல் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கிறது, வரும்போது அதே 20-ஐக் குறைத்துவிடுகிறது. போய்வரும் மொத்த நேரம் காற்றே இல்லாத நாளுக்குச் சமானந்தானே? “சமானந்தான் சார்” என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். கணக்குப் போட்டால், 160-இல் போக முப்பத்தேழு நிமிஷம், 120-இல் வர நாற்பத்தொன்பதரை. கூட்டினால் எண்பத்தாறரைக்கும் மேல். காற்றில்லாத நாளில் 140-இல் போய்வர எண்பத்தைந்தே போதும். எதிர்க்காற்றில் மெதுவாகப் போகிறோம் என்பதோடு நிற்பதில்லை. அந்த மெதுவிலேயே அதிக நேரமும் இருக்கிறோம், அதனால்தான் கொடுத்ததைவிட எடுத்தது கூடிப்போகிறது. இந்த ஒன்றரை நிமிஷத்தில் என்ன வந்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பெட்ரோல் அளக்கிறவனுக்குத் தெரியும்.

பெட்ரோலைப் பற்றிச் சொன்னால் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். நாற்பத்துமூன்று நிமிஷப் பிரயாணத்துக்கு நாற்பத்துமூன்று நிமிஷ எண்ணெய் போதாது. பலாலியில் மழை மூடி இறங்க முடியாமற்போனால் வேறெங்கே போவது என்று முன்கூட்டியே தீர்மானித்து, அங்கே போகவும் எண்ணெய் வைத்தாக வேண்டும். இரத்மலானை பலாலியிலிருந்து 178 கடல் மைல். புறப்பட்ட திருச்சியோ 99. எனவே பெரும்பாலான நாட்களில் எங்கள் மாற்று நிலையம், கிளம்பிய இடமேதான். போக நாற்பத்துமூன்று, திரும்ப நாற்பத்துமூன்று, அதன்மேல் ஆகாயத்தில் வட்டமிட்டுக் காத்திருக்க நாற்பத்தைந்து என்று சேர்த்தால், முக்கால் மணி நேரப் பயணத்துக்கு இரண்டேகால் மணி நேரத்து எண்ணெயைச் சுமந்துகொண்டு போகிறோம். கிட்டத்து ஊருக்குப் போகிறோம் என்று அலட்சியமாகக் கிளம்புகிற வழக்கம் மாட்டு வண்டிக்கு ஒத்துவரும், இதற்கு ஒத்துவராது.

சுவரிலுள்ள கோட்டின் வழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நான் அதை எத்தனையோ நூறு தடவை விரலால் பிரயாணம் செய்திருக்கிறேன். திருச்சியை விட்டதும் கந்தர்வகோட்டைப் பக்கத்து செம்மண் மேடு. பிறகு பட்டுக்கோட்டையை இடது கைப்புறம் விட்டுத் தென்னந்தோப்புகள். அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையே கரை முடிந்துவிடும். அதுவரை 46 மைல். அதன்பின் 53 மைல் வெறும் தண்ணீர். ஆழமில்லாத கடலாகையால் மேலேயிருந்து பார்த்தால் நீலமாக இராது, பச்சையும் மண்ணிறமும் கலந்து, அடியிலுள்ள மணல் திட்டுகள் நரம்பு நரம்பாகத் தெரியும் என்று விமானிகள் சொல்வார்கள். இடது பக்கம் தூரத்தில் கோடிக்கரை மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நடுவிலே ஓரிடத்தில் சென்னைக் கட்டுப்பாட்டிடம் விடைபெற்றுக் கொழும்புக் கட்டுப்பாட்டுக்கு வணக்கம் சொல்லவேண்டும். தண்ணீரில் அதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை, கடிகாரந்தான் அடையாளம்.

இவ்வளவும் கோட்டைப் பற்றிய விஷயம். என் தொழிலின் பாதி வருஷங்கள் கழிந்த பிறகுதான், இத்தகைய குறுகிய வழிகளில் நேரத்தை நிர்ணயிப்பது கோடு அல்ல, கோட்டின் இரு நுனிகளே என்பது என் மண்டையில் ஏறியது. திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்தே கிளம்ப வேண்டும் என்பதால், ஆடி மாதத்தில் பலாலிக்குப் போகிற விமானம் முதலில் மேற்கே, அதாவது போகவேண்டிய திசைக்கு நேர் எதிராக ஓடிக் கிளம்பி, கொஞ்சம் உயரம் பிடித்த பிறகு திரும்பி, தான் விட்டுவந்த நிலையத்தின் பக்கமாகவே மறுபடியும் வரும். மூன்று நான்கு நிமிஷம் போயிற்று. தூரத்தில் ஒரு மைல்கூடக் குறையவில்லை. பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக, நம் கோட்டுக்கு ஏறக்குறைய குறுக்கே கிடக்கிறது. தென்மேற்குக் காற்றில் இறங்க வேண்டுமானால் தீபகற்பத்தைத் தாண்டுவதுபோல் போய், வடக்குக் கடலின் மேல் சுற்றி, கடற்கரைப் பக்கமிருந்து நுழையவேண்டும். இன்னும் நான்கு நிமிஷம்.

வேகமான விமானம் வந்தால் இதெல்லாம் ஈடாகிவிடும் என்று நினைப்பது இயற்கைதான், நாங்களும் நினைத்தோம். டகோட்டாவுக்குப் பிறகு ஆவ்ரோ வந்தது. இப்போது பறக்கும் ஏ.டி.ஆர். மணிக்கு 270 கடல் மைலுக்கும் மேல் போகக்கூடியது, டகோட்டாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தொண்ணூற்றொன்பதை இருநூற்றெழுபதால் வகுத்தால் இருபத்திரண்டு நிமிஷம். ஆனால் அது பதின்மூவாயிரம் பதினையாயிரம் அடிக்கு ஏறுகிற பத்து நிமிஷமும் ஏறும் வேகத்தில்தான் போகும். முப்பது மைல் அதிலே கழிந்துவிடும். இறங்க வேண்டிய இடத்துக்கு நாற்பது மைல் முன்னதாகவே இறங்கத் தொடங்கிவிடும். நடுவே, தன் முழு வேகத்தையும் காட்டுவதற்கு அந்த அழகான யந்திரத்துக்குக் கிடைப்பது ஆறு நிமிஷம். டகோட்டாவோ ஐயாயிரம் ஆறாயிரம் அடியிலேயே திருப்தி அடைந்துவிடும் சாது. ஏறுவதிலும் இறங்குவதிலும் அது இழந்தது குறைவு. பாய்ந்தோடும் குதிரையை நாலு தெருவுக்குள்ளே ஓட்டுவதுபோலத்தான் இது. ஆகாயத்தில் இருந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், டகோட்டாவுக்கும் ஏ.டி.ஆருக்கும் இந்த வழியில் வித்தியாசம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தேறாது.

இந்தத் தத்துவத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோய்ப் பார்க்க விரும்புகிறவர் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளுக்குப் போகலாம். அங்கே வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகளுக்கிடையே 1967 முதல் விமானம் போய்வருகிறது, தூரம் 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் இரண்டு நிமிஷம், பின்காற்று வாய்த்த ஒரு நாளில் ஐம்பத்துமூன்று விநாடியில் போயிருக்கிறார்கள். அந்த வழியில் உலகத்திலுள்ள அதிவேக விமானத்தை விட்டாலும் லாபமில்லை.

பிரயாணிகள் கையில் இருக்கும் அட்டவணை இது எதையும் சொல்வதில்லை. எங்கள் பதிவேட்டில் ஒரு பிரயாணத்துக்கு நான்கு நேரங்கள் உண்டு. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை, நாங்கள் சாக் என்று சொல்வதை, எடுத்த நேரம். சக்கரம் தரையை விட்ட நேரம். சக்கரம் தரையைத் தொட்ட நேரம். மறுபடியும் சாக் வைத்த நேரம். விமானிக்குச் சம்பளம் முதலுக்கும் நான்காவதுக்கும் இடைப்பட்டதற்கு. யந்திரத்தின் ஆயுட்கணக்கு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைப்பட்டதற்கு. அட்டவணைக்காரர் முதலையும் நான்கையும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் தம் மனத்தின் அச்சத்துக்குத் தக்கபடி ஐந்தோ பத்தோ பதினைந்தோ நிமிஷத்தைச் சேர்த்து எழுதுகிறார். தாமதம் என்ற பெயர் வந்துவிடக்கூடாதல்லவா? இதனால் ஒரு வேடிக்கை நிகழ்ந்திருக்கிறது. டகோட்டாவுக்குச் சாக் முதல் சாக் வரை ஐம்பத்தைந்து நிமிஷம் என்று நான் கணக்கெழுதி வந்த அதே வழிக்கு, அதைப்போல் இரு மடங்கு வேகமுள்ள விமானத்துக்கு, இன்றைய அட்டவணை ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. குறித்த நேரத்துக்குப் பதின்மூன்று நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டோம் என்று விமானத்துக்குள் பெருமையோடு அறிவிக்கும்போது, கைதட்டுகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பாக வரும். யாராவது என்னிடம் இரண்டு சிறிய ஊர்களுக்கிடையே விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், தூரத்தை வேகத்தால் வகுத்து, வந்ததன்மேல் அரை மணியைக் கூட்டிக்கொள்ளச் சொல்வேன். தூரம் குறையக் குறைய, வகுத்து வருகிற எண்ணைவிட அந்த அரை மணிதான் உண்மைக்குக் கிட்டத்தில் நிற்கும்.

கடிகாரமே மாறிப்போன காலமும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய ஒரே நேரத்தைக் கடைப்பிடித்து வந்தவை. 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்து, மிச்ச அரை மணியை 2006 ஏப்ரல் வரை வைத்துக்கொண்டது. அந்நாட்களில் திருச்சி–கொழும்பு அட்டவணையைப் பார்த்தவர்களுக்குப் போகும் பிரயாணம் நீளமாகவும் வரும் பிரயாணம் குட்டையாகவும் தெரிந்தது. போகும்போது எதிர்க்காற்று பலமோ என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் என்னைக் கேட்டார். எங்களுக்குச் சங்கடமில்லை, நாங்கள் எப்போதும் கிரீனிச் நேரத்தில்தான் எழுதுவோம்.

ஆனால் அக்காலத்தில் பலாலிக் கோடு சுவரில் இல்லை. 1978-க்குப் பிறகு அந்தக் களத்துக்கு நம் பக்கத்திலிருந்து பிரயாணிகள் விமானம் போகவில்லை. பிறகு யுத்தம் வந்தது. பலாலி ராணுவத்தின் கோட்டையாயிற்று. வெள்ளையடித்தபோது தேசப்படத்தையும் கிழித்துவிட்டார்கள். 2019 அக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற புதுப் பெயரோடு திறக்கப்பட்டுச் சென்னைக்கு விமானம் போனதையும், 2025 மார்ச் 30-ஆம் தேதி திருச்சியிலிருந்தும் தினசரி சேவை தொடங்கியதையும் பத்திரிகையில்தான் படித்தேன். எண்பதைத் தாண்டிய வயதில், இத்தனை நூறு தடவை விரலால் போன வழியை ஒரு தடவையாவது உடம்போடு போய்ப் பார்த்துவிடுவது என்று, அந்த ஆடியிலேயே சீட்டு வாங்கிவிட்டேன். காகிதத்தில் நான்கு கட்டம் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் போகவில்லை.

சாக் எடுத்தது 1.22. தரையை விட்டது 1.30, எதிர்பார்த்தபடியே மேற்கு நோக்கி. விமானம் திரும்பும்போது பக்கத்து இருக்கையில் இருந்த அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, “ஐயா, இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்?” என்று கேட்டார். அரை மணிக்குள் இறங்கிவிடுவோம் என்றேன். அவர் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. 1.46-க்குக் கரையைக் கடந்தோம். அதிராம்பட்டினத்து உப்பளங்கள் இடது புறத்தில் கண்ணாடித் துண்டுகளாகப் பளபளத்தன. தண்ணீர் தெரிந்ததும் அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, தமக்கே சொல்லிக்கொள்கிறவரைப் போல, “நாங்கள் வரேக்க ஒரு இரவு முழுக்கச் சென்றது. வள்ளத்திலை. பிள்ளையையும் மடியிலை வைச்சுக்கொண்டு” என்றார். 1990-இல் வந்தவராம், திருச்சிக் கொட்டப்பட்டு முகாமில் இருந்திருக்கிறார். ஊர் மயிலிட்டி. அப்பெயரை நான் அறிவேன். பலாலி ஓடுபாதைக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டிய மீனவர் கிராமம். ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் ஊராருக்கே நுழைய முடியாமல் கிடந்தது.

விமானம் தாழ்ந்து, நான் சொன்னபடியே வடக்குக் கடலின் மேல் சுற்றிக் கரைப் பக்கம் திரும்பியது. என் கணக்கில் இது வீண் நான்கு நிமிஷம். அறுபதாம் ஆண்டுகளிலிருந்து நான் குறைகூறி வந்த சுற்று. அந்த அம்மாளோ முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கீழே ஒவ்வொரு கூரையாகத் தேடிக்கொண்டிருந்தார். துறையும் படகுகளும் ஒரு கோயில் கோபுரமும் கடந்துபோயின. தரையைத் தொட்டது 2.04, சாக் வைத்தது 2.09. ஆகாயத்தில் முப்பத்துநான்கு நிமிஷம், மொத்தம் நாற்பத்தேழு. அட்டவணைக்குப் பதின்மூன்று நிமிஷம் முன்னே. இந்தத் தடவை அந்த அறிவிப்பைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. “என்ன எழுதிறியள்?” என்று அவர் கேட்டார். “நேரம்” என்றேன்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பினேன். முந்திய நாள் இரவு, தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆடிக் காற்று இப்போது முகத்தில் அடிக்கும் என்பதால் இரண்டு நிமிஷத்தைக் கூட்டி, நாற்பத்தொன்பது என்று காகிதத்தின் பின்புறத்தில் எழுதிவைத்தேன். ஆனது நாற்பத்தொன்று. திருச்சியை நெருங்கும்போது, மேற்கு நோக்கிய ஓடுபாதை நாங்கள் வந்த வழியின் நீட்சி போலவே எதிரே கிடந்தது. எங்கும் சுற்றாமல் நேரே போய் இறங்கிவிட்டோம். எந்தக் காற்று எதிர்த்து இரண்டு நிமிஷத்தைத் தின்றதோ அதே காற்றுதான் அந்த ஓடுபாதையைத் திறந்து வைத்திருந்தது. எட்டு நிமிஷப் பிழை. ஐப்பசி மாதத்து டகோட்டாவில்கூட நான் ஆறு நிமிஷந்தான் தவறினேன்.